துண்டு போட்ட கதையும் பங்கு பிரித்த கதையும்

அன்புள்ள நண்பா,

நீ சொல்லச் சொல்ல உன் மகள் எழுதிய கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இதையும் அவளையே வாசிக்கச் சொல். கண்ணுக்கு வேலை கொடுக்காதே.

"ஒரே விளம்பரத்தை ஐந்து இடத்தில் போட்டுவிட்டு, அதைப் பல ஊடகங்களில் கதை சொல்வது என்கிறீர்களா?" என்று கேட்டிருந்தாய். போன வருடம் நாங்கள் செய்தது சாட்சாத் அதேதான். ஒரு வீடியோவை யூடியூபுக்கு ஓர் அளவு, இன்ஸ்டாகிராமுக்கு ஓர் அளவு என்று வெட்டிப் போட்டோம். ஓரிடத்தில் பார்த்தவர் அடுத்த இடத்தில் அதைத் தள்ளிவிட்டுப் போனார். அவருக்கு அங்கே புதிதாக எதுவுமே இல்லையே!

ஹென்றி ஜென்கின்ஸ் என்ற ஊடக ஆய்வாளர் 2003-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். ஒவ்வொரு ஊடகமும் தனக்கு நன்றாக வருவதைச் செய்யவேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தவருக்கும் அது நிறைவாக இருக்கவேண்டும் என்பார். நாங்கள் கதையைத் துண்டு போட்டோம், பங்கு பிரிக்கவில்லை.

இந்த முறை சைக்கிள் நிறுவனம் ஒன்றுக்கு வேலை. நாற்பது வயதில் சைக்கிள் பழகும் ஒரு பெண்ணின் கதை. வீடியோவில் அவள் விழுவதும் எழுவதும்தான், பேச்சே கிடையாது. இன்ஸ்டாகிராமில் அவளுடைய நாட்குறிப்பு, தினம் ஒரு பக்கம். சின்ன வயதில் ஏன் பழகவில்லை என்பது மட்டும் பாட்காஸ்டில் வருகிறது, அவளுடைய அண்ணன் குரலில். அன்று சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, பாதியில் கையை விட்டவன் அவன்தான். இதையே வீடியோவில் வைத்திருந்தால் பார்க்கிறவர்கள் அவன் முகத்தைப் பார்த்துக் குற்றம் சொல்லியிருப்பார்கள். குரலாக மட்டும் வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருடம் வானொலி நாடகம் எழுதியவன் நீ, உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். 2004-ல் ஹேலோ 2 என்ற வீடியோ கேம் வெளிவருவதற்கு முன், அதற்காக 'ஐ லவ் பீஸ்' (I Love Bees) என்று ஒரு விளம்பர விளையாட்டை நடத்தினார்கள். இணையதளத்தில் இடக்குறிப்பும் நேரமும் வரும். ரசிகர்கள் அமெரிக்கா முழுவதும் பொதுத் தொலைபேசிகளுக்கு முன்னால் போய்க் காத்திருப்பார்கள். மணி அடித்ததும் எடுத்துச் சரியான பதில் சொன்னால் கதையின் ஒரு துணுக்கு திறக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் ஒரு வானொலி நாடகம்! யாரும் அவர்கள் வாசலுக்கு விளம்பரத்தைக் கொண்டுபோகவில்லை, அவர்களே தேடிப் போனார்கள்.

1999-ல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' என்ற திகில் படத்துக்கு விளம்பரம் செய்த வழி எனக்கு ஒப்பவில்லை. நடிகர்களின் படத்தைப் போட்டுக் 'காணவில்லை' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், நடந்த சம்பவம் போலவே இணையதளமும் வைத்தார்கள். படம் பெரிய வெற்றிதான். ஆனால் ஒரு பொருளை விற்கிறவன் அப்படிச் செய்யக்கூடாது என்று நினைக்கிறேன். நாளைக்கு அவன் உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? எங்கள் நாட்குறிப்பின் முதல் பக்கத்திலேயே இது கற்பனைக் கதை என்று போட்டுவிட்டோம்.

தப்பும் நடந்தது. அண்ணன் கதையை மூன்று வாரம் தள்ளி வெளியிட்டோம். அதற்குள் வீடியோ பார்த்தவர்கள் அந்தப் பெண்ணையே மறந்துவிட்டார்கள். அடுத்த முறை இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடமாட்டேன்.

சரி, இப்போது உன்னிடம் ஓர் உதவி. பாட்காஸ்டின் நான்கு பகுதிகளையும் உன் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். வீடியோவை அனுப்பவில்லை, கண் ஆறிய பிறகும் உடனே அதைத் தேடாதே. குரலை மட்டும் கேட்டுவிட்டு, கடைசிப் பகுதியில் அந்தப் பெண் ஏன் சிரிக்கிறாள் என்று உனக்குப் புரிகிறதா, அதைச் சொல். புரியவில்லை என்றால் அந்தப் பகுதியைத் திரும்ப எழுதிவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்