வசந்திக்கு, அந்த ஒரு வரியைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறாள், நடந்துகொண்டே எல்லோரையும் வேலை வாங்குகிறாள். தம்பி ஓசூருக்கே மாறிவிட்டான். உன் வீட்டு மாடி வேலை முடிந்ததா, கொத்தனார் இன்னும் "நாளைக்கு"தானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாசகர் வட்டத்தில் நீ ஆங்கிலக் கவிஞர் ஆடனின் 'செப்டம்பர் 1, 1939' கவிதையைப் பற்றிப் பேசினாயாம். நாம் ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும் என்ற வரியோடு முடித்தாயாம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று என்று செல்வி போனில் சொன்னாள். மேடையேறினால் உன்னை மிஞ்ச நம் செட்டில் ஆள் கிடையாது, அது கல்லூரிக் காலத்திலேயே தெரிந்த கதை. ஆனாலும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் தேதி ஜெர்மன் படை போலந்துக்குள் புகுந்த நாள். பிரிட்டன் போர் அறிவிக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆடன் அந்த ஜனவரியில்தான் இங்கிலாந்தை விட்டு நியூயார்க் வந்திருந்தார், வயது 32. கவிதையில் அவர் 52-ஆம் தெருவில் ஒரு மட்டமான மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். எடுத்த எடுப்பில் அவர் சொல்வது தன் பயத்தை. போர்க்கவிதை என்றால் முரசு கொட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் வரியிலேயே ஏமாற்றம்தான்.

இரண்டாவது பத்தியில் ஜெர்மன் மதச் சீர்திருத்தவாதி லூத்தர் வருகிறார், ஹிட்லர் சிறுவனாகப் படித்த லின்ஸ் நகரம் வருகிறது. ஒரு சமூகத்துக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று அறிஞர்கள் தோண்டி எடுக்கட்டும். தீங்குக்கு ஆளானவர்கள் திருப்பித் தீங்கு செய்வார்கள் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும் என்கிறார் ஆடன். இது ஹிட்லருக்கு வக்காலத்து ஆகாதா என்று ஒருவர் எழுந்து கேட்டதாகவும், நீ சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்ததாகவும் செல்வி சொன்னாள். அந்த மனிதர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார், வசந்தி. அந்தப் பத்தியோடு கவிதை முடிந்திருந்தால் நானும் அவர் கட்சிதான். முடியவில்லையே! விசாரணை லின்ஸில் நிற்காமல் அந்த மதுக்கடைக்கே திரும்பி வருகிறது. விளக்கு அணையக் கூடாது, பாட்டு நிற்கக் கூடாது என்று அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை ஆடன் பார்க்கிறார். இருட்டுக்குப் பயந்த குழந்தைகள் என்கிறார் அவர்களை. தன்னையும் சேர்த்துத்தான்.

அப்புறம் வருகிறது ஆறாவது பத்தி. கவிதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன். மனம் பேதலித்துக்கொண்டிருந்த காலத்தில் பாலே நடனக்காரர் நிஜின்ஸ்கி, தன்னை வளர்த்துவிட்ட நடனக்குழுத் தலைவர் தியாகிலேவைப் பற்றி எழுதிய ஒன்றை ஆடன் எடுத்துக்கொள்கிறார். அது நம் எல்லோருக்கும் பொருந்தும் என்கிறார். எல்லோரையும் தழுவும் அன்பு நமக்கு வேண்டியதில்லை. நம்மை மட்டும், நம் ஒருவரை மட்டும் நேசிக்க வேண்டும். அதுதான் நம் எலும்பில் ஊறிய ஆசையாம்.

இதைப் படித்தபோது ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது. மயக்கம் தெளிந்ததும் அம்மா யார் பெயரைச் சொல்வாள் என்று நானும் தம்பியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். என் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று மனசு எப்படி அடித்துக்கொண்டது தெரியுமா? தம்பிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதையெல்லாம் கடந்து, எட்டாவது பத்தியின் முடிவில்தான் உன் வரி வருகிறது. நமக்கு இயல்பாக வராத, நாம் விரும்பவே விரும்பாத ஒன்றைத்தான் அந்த வரி கேட்கிறது. கைதட்ட முடியாத அளவுக்குக் கடினமான வரி அது. தனியாக வெட்டி எடுத்தால் வாழ்த்து அட்டை வாசகம் ஆகிவிடுகிறது. கணியன் பூங்குன்றனின் முதல் அடியை மட்டும் எல்லா மேடையிலும் கேட்டுக் கேட்டு நீயே எத்தனை முறை கொதித்திருக்கிறாய்!

1964-இல் நடந்ததைப் பார். அமெரிக்க அதிபர் ஜான்சனின் தேர்தல் விளம்பரத்தில் ஒரு சிறுமி பூவிதழ்களை எண்ணுகிறாள், அணுகுண்டு வெடிக்கிறது, கிட்டத்தட்ட இதே வரி ஜான்சனின் குரலில் ஒலிக்கிறது. எல்லோர் மேலும் குற்றம் சொன்ன கவிதையின் வரி, எதிர் வேட்பாளர் ஒருவர் மேல் எறியும் கல்லாகிவிட்டது.

ஆடனுக்கே அந்த வரி பிடிக்காமல் போயிற்று. நேசித்தாலும் சாகத்தானே போகிறோம், ஆகவே அது பொய் என்பது அவர் வாதம். 1945 தொகுப்பில் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார், பிறகு முழுக் கவிதையையும் கைவிட்டார். எனக்கு இதில் சம்மதமில்லை. வயதாகி வரும் சாவைப் பற்றியா அந்த இரவில் யாராவது கவலைப்பட்டிருப்பார்கள்? குண்டு விழுந்து சாவதைப் பற்றிய பயம் அது. அந்தப் பயத்துக்குள் வைத்துப் படித்தால் வரியில் பொய்யே இல்லை. 2001-இல் கோபுரங்கள் விழுந்த பிறகு அமெரிக்காவில் அத்தனை பேர் இந்தக் கவிதையைத் தேடி எடுத்தது சும்மா இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். ஒன்பது பத்தியையும் நீயே வாசி, உன் குரல்தான் அதற்குச் சரி. அந்தக் கேள்வி கேட்டவரையும் மறக்காமல் வரச் சொல், அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. இரவு உன் வீட்டில்தான் தங்குவேன், மாடி முடிந்தாலும் முடியாவிட்டாலும்.

அன்புடன்,
கோமதி