செயலவைகளுக்கு ஒரு மடல்: உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயலவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அழைத்தார். "தம்பி, நம்ம பழைய விழா மலர்ல இருந்த கியூஆர் குறியீட்டைப் பேத்திக்குக் காட்டலாம்னு ஸ்கேன் பண்ணேன். ஏதோ சூதாட்டப் பக்கம் வருதுப்பா." அது 2016இல் எங்கள் சங்கம் நடத்திய மாணவர் கட்டுரைப் போட்டியின் மலர். அந்த முகவரியில்தான் பரிசு பெற்ற பிள்ளைகளின் கட்டுரைகள் எல்லாம் இருந்தன.

ஒவ்வொரு விழாவுக்கும் புதிதாக ஒரு டாட்காம் டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், வாங்குவது எங்கள் வழக்கமாக இருந்தது. வாங்கியவர் அருமையான தொண்டூழியர். தம் சொந்த மின்னஞ்சல், சொந்தக் கடன் அட்டை. அவர் கோவைக்குத் திரும்பிவிட்டார். அட்டை காலாவதியானது. நினைவூட்டல்கள் அவர் விட்டுப்போன அலுவலக முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. டாட்காம் பெயர் ஒரே நாளில் பறிபோவதில்லை. பதிவு நிறுவனம் அதை நீக்கிய பிறகும், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதற்கும் பின் 5 நாள் கழித்துத்தான் யாரும் வாங்கலாம் என்ற நிலைக்கு வரும். அத்தனை நாளும் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தொண்டூழியர்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. "பெயர் யார் கணக்கில் இருக்கிறது?" என்று செயலவை ஒரு கூட்டத்திலும் கேட்கவில்லை. அந்தச் செயலவையில் நானும் இருந்தேன்.

அதனால்தான் கேட்கிறேன்: விழாவுக்கு ஒரு டொமைன் வாங்குவதை நிறுத்துங்கள். அமைப்பின் பெயரில் ஒன்றே ஒன்று போதும். போட்டி, பொங்கல், பட்டிமன்றம் எல்லாவற்றுக்கும் அதன் கீழ் சப்டொமைன் (அதே பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த துணை முகவரி) திறக்கலாம். வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றுக்குள் எத்தனை வீட்டு எண்கள் இருக்கின்றன! சப்டொமைனும் அப்படித்தான். தனியாகப் பதிவுக் கட்டணம் கிடையாது, தனியாகக் காலாவதியும் ஆகாது. புதுப்பிக்க வேண்டியது ஒரே பெயர்.

அந்தப் பெயரைச் சிங்கப்பூருக்கான எஸ்ஜி (.sg) முகவரியாகவே வாங்குங்கள் என்பேன். சங்கமாகப் பதிவானவர்கள் 'ஓஆர்ஜி டாட் எஸ்ஜி' பெறலாம். டொமைனின் நிர்வாகத் தொடர்பாளர், அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகத் தம்மை உறுதிப்படுத்தியாக வேண்டும் என்பதால், பொறுப்பில் ஓர் ஆள் இருக்கிறார் என்பது எழுத்தில் நிற்கும். செயலவை மாறும்போது அந்தத் தொடர்பாளரையும் மாற்றுங்கள்; உரிமையாளர் என்ற இடத்தில் எப்போதும் சங்கத்தின் பெயரே இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. 2019 ஜனவரியிலிருந்து எஸ்ஜி என்று முடியும் தளங்களைத் தனித்தனியே அனுமதி கேட்காமலே சேகரித்து வைக்கத் தேசிய நூலக வாரியத்துக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. எங்கள் டாட்காம் தளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆசிரியை அழைத்த அன்றிரவே தளக் கோப்புகளை வைத்திருக்கும் எங்கள் ஹோஸ்டிங் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகையான சிபேனலைத் திறந்தேன். டொமைன்ஸ் பக்கத்தில் பதினொரு வரிகள். ஃபைல் மேனேஜருக்குப் போனால், முதன்மைத் தளம் இருக்கும் அதே கோப்புறைக்குள் 'பொங்கல்2017', 'பொங்கல்நியூ', 'டெஸ்ட்', 'டெஸ்ட்2'. கடைசியாகச் சொன்னதில் 2018க்குப் பிறகு யாரும் புதுப்பிக்காத வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்) ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யார் எதற்குப் போட்டது என்று கேட்டேன், ஒருவருக்கும் நினைவில்லை.

இதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. ஒரே சிபேனல் கணக்கில் எத்தனை டொமைன் சேர்த்தாலும் எல்லாம் ஒரே பயனர் பெயரில்தான் இயங்கும். பாழடைந்த 'டெஸ்ட்2' வழியாக ஒருவன் நுழைந்தால் அவன் கை முதன்மைத் தளத்துக்கும் எட்டும். அங்கே உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் இருக்கின்றன, போட்டிக்குப் பதிந்த பிள்ளைகளின் பள்ளி, வகுப்பு எல்லாம் இருக்கின்றன. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சங்கங்களையும் கட்டுப்படுத்தும். ஆகவே சப்டொமைன் ஒவ்வொன்றுக்கும் டாக்குமென்ட் ரூட்டை (அதன் கோப்புகள் இருக்கும் கோப்புறையை) முதன்மைக் கோப்புறைக்கு வெளியே தனியாக வையுங்கள். எது எங்கே என்பதாவது தெளிவாகும். ஆனால் அது மட்டும் தடுப்புச் சுவர் ஆகிவிடாது. உறுப்பினர் விவரம் உள்ள தளத்துக்குத் தனி ஹோஸ்டிங் கணக்கே எடுங்கள். முடிந்துபோன விழாக்களின் தளங்களை வேர்ட்பிரஸ் இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி வைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

நீக்கும்போதும் கவனம் வேண்டும். டொமைன்ஸ் பக்கத்தில் ஒரு பெயரை எடுத்துவிட்டால் அதன் கோப்புகளும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, கோப்புறை அங்கேயே இருக்கும். சப்டொமைன் ஒன்றை வெளியே உள்ள ஒரு சேவைக்கு சிநேம் ரெக்கார்டு (ஒரு முகவரியை இன்னொன்றுக்குக் காட்டிவிடும் பதிவு) மூலம் திருப்பியிருந்தீர்கள் என்றால், சேவையை ரத்து செய்வதற்கு முன் சிபேனலின் ஸோன் எடிட்டரில் அந்த ரெக்கார்டை அழியுங்கள். சந்தாவை மட்டும் நிறுத்திவிட்டு ரெக்கார்டை விட்டுவைத்தால், அந்தச் சேவையில் அதே இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. பிறகு உங்கள் சங்கத்தின் முகவரியிலேயே அவருடைய பக்கம் திறக்கும்.

தமிழிலேயே முகவரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 'டாட் சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்தில் முடியும் பெயர் நமக்கு 2011இலிருந்து இருக்கிறது. அதைக் கட்டுப்பாட்டுப் பலகையில் சேர்த்தால் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாகத் தெரியக்கூடும். அது உங்கள் பெயர்தான். ஏதோ வைரஸ் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கோடு ஒரு தாளைச் சேர்த்து வையுங்கள்: எந்தெந்த டொமைன், எந்தெந்த சப்டொமைன், யார் பெயரில், எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது. அந்த மின்னஞ்சல் ஒரு தனி ஆளுடையதாக இருக்க வேண்டாம். அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலாகவும் இருக்க வேண்டாம். பெயர் போகும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஆசிரியையிடம் அந்தக் கட்டுரைகளில் பத்தொன்பதின் அச்சுப் பிரதிகள் இருந்தன. ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தேக்காவில் என்னிடம் கொடுத்தார். இரவில் இரண்டு மூன்றாகத் தட்டச்சு செய்து, சங்கத்தின் பெயரின் கீழ் 'போட்டி2016' என்ற சப்டொமைனில் ஏற்றி வருகிறேன். மற்றவற்றை எழுதிய பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகும் வயதில் இருப்பார்கள். யாரிடமாவது கைப்பிரதி இருந்தால் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொண்டூழியர்களில் ஒருவன்