இரண்டாம் பாகம் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு நூல் பக்கத்தைக் கத்தரித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 31 வருடம் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கத்தரிக்கோல் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பக்கத்தில் இளையோருக்கான சாகச நாவல் ஒன்றுக்கு மதிப்புரை வந்திருந்தது. நாவலின் பெயரையும் மதிப்புரை எழுதியவரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. நாவல் மேல் ஒரு தவறும் இல்லை, எழுதியவரை நோகடிப்பதும் என் எண்ணமில்லை. அந்த மதிப்புரையை நம்பி நாலு இடம் அலைந்து நாவலை வாங்கி, 12 வயதான என் தங்கை பேத்தியிடம் கொடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தில் மூடிவிட்டாள். "பாட்டி, கதையில வர்ற எல்லாருக்கும் இந்த ஆளைத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல" என்றாள்.

வாங்கிப் புரட்டினேன். பதிப்பு விவரப் பக்கத்தில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தால் தெரிகிற எழுத்தில் இருந்தது, இரண்டாம் பாகம் என்று. அட்டையில் அந்தச் சொல்லே இல்லை. அட்டையில் போடாதது பதிப்பாளரின் வியாபார சாமர்த்தியம், சரி, விட்டுவிடலாம். மதிப்புரை எழுதியவருக்கு என்ன வந்தது? கத்தரித்து வைத்த தாளை எடுத்து மறுபடி படித்தேன். மொத்தம் ஏழு பத்தி. நாலு பத்தி கதைச் சுருக்கம். ஒரு பத்தி பின்னட்டையில் இருந்ததைக் கொஞ்சம் உருமாற்றிப் போட்டது. இன்னொன்றில் நாவலாசிரியர் வாங்கிய விருதுகள். கடைசிப் பத்தியில் "பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் வாங்கித் தர வேண்டிய நூல்" என்ற வழக்கமான வரி. எந்த வயதுப் பிள்ளைக்கு? எட்டு வயதும் பதினாறு வயதும் ஒன்றா? மொழிபெயர்த்தவர் யார்? இது எத்தனையாவது பாகம்? ஒன்றுக்கும் பதில் இல்லை. கதையின் முக்கால்வாசியை மட்டும் தாராளமாகச் சொல்லியிருந்தார்.

புத்தகத்தைத் தேடி அலைகிறவனுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது, தேடி அலைந்து ஏமாந்தவனுக்குத்தான் தெரியும். நானே நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஃபிலிப் புல்மனின் நாவல் ஒன்று 1995இல் இங்கிலாந்தில் 'நார்தர்ன் லைட்ஸ்' என்ற பெயரில் வந்தது. அமெரிக்காவில் அதே நாவலுக்கு 'த கோல்டன் காம்பஸ்' என்று பெயர். இது தெரியாமல், முதல் பெயரில் ஏற்கெனவே நூலகத்தில் இருந்த நாவலை, இரண்டாவது பெயரில் பார்த்ததும் "அடடா, அடுத்த பாகம்" என்று பாய்ந்து வாங்கிவிட்டேன். முதல் பாகம் படித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த பையன் அதை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே திருப்பிக் கொண்டுவந்தான். மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. ஹாரி பாட்டர் முதல் நாவலுக்கும் இதே கதைதான். 1997இல் 'ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்', அடுத்த வருடம் அமெரிக்காவில் 'சார்சரர்ஸ் ஸ்டோன்'. அது எல்லோருக்கும் தெரிந்துபோனதால் யாரும் ஏமாறவில்லை. அவ்வளவு புகழ் இல்லாத புத்தகங்களில்தான் ஆள் மாட்டிக்கொள்வது.

பாகங்களின் வரிசை இன்னொரு புதைகுழி. சி.எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் ஏழு. 1950இல் முதலில் வந்தது, துணிமணி வைக்கும் அலமாரி வழியாகப் பிள்ளைகள் வேறோர் உலகத்துக்குள் போகிற கதை. அந்த உலகம் எப்படிப் பிறந்தது என்று சொல்கிற கதையை 1955இல் ஆறாவதாகத்தான் வெளியிட்டார்கள். ஆனால் பிற்காலப் பதிப்புகளில் கதை நடக்கிற கால வரிசைப்படி அடுக்கி, அந்த ஆறாவதன் முதுகில் 1 என்று போட்டுவிட்டார்கள். எதை முதலில் கொடுப்பது? இதே கேள்வியை ஒரு சிறுவன் லூயிஸிடமே எழுதிக் கேட்டிருக்கிறான். 1957இல் அவர் போட்ட பதிலில் அந்தப் பையன் சொன்ன கால வரிசைக்கே தலையாட்டிவிட்டு, எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லையோ என்னவோ என்கிற மாதிரியும் சொல்லி வைத்தார். எழுதியவரே சொன்னாலும் எனக்கு அதில் சம்மதம் இல்லை. அலமாரிக் கதவைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கக் கூடாது. 1 என்று போட்டதை முதலில் எடுத்துப் போனவர்களில் பாதிப் பேர் இரண்டாவதற்கு வரவில்லை, அலமாரியில் தொடங்கியவர்கள் ஏழையும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். இது என் நூலகத்தில் நான் கண்ணால் பார்த்த கணக்கு, வேறு ஆதாரம் கேட்காதீர்கள்.

'லிட்டில் விமன்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். லூயிசா மே ஆல்காட் அதை 1868இலும் 1869இலும் இரண்டு பாகமாக வெளியிட்டார். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே நாவலாக்கினார்கள். இங்கிலாந்திலோ இரண்டாம் பாகம் 'குட் வைவ்ஸ்' என்று வேறு பெயரில் தனியாக வந்தது. முழு நாவல் என்றால் 47 அத்தியாயம், முதல் பாகம் மட்டும் என்றால் 23. ஆகவே கையில் எடுத்ததும் நான் செய்கிற முதல் வேலை, கடைசி அத்தியாயத்தின் எண்ணைப் பார்ப்பது. பாதியைப் படித்துவிட்டு முழுதும் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்த பெண்கள் எத்தனை பேர்! அந்த நாவலின் இரண்டாம் பாதியில் ஒரு மரணம் வருகிறது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். ஒரு மதிப்புரையில் அதை முதல் பத்தியிலேயே போட்டு உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். 'பழைய நாவல்தானே, எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று எழுதியவர் நினைத்திருப்பார். 13 வயதுப் பெண்ணுக்கு உலகத்தில் எந்த நாவலும் பழையது இல்லை.

அப்புறம் சுருக்கப் பதிப்புகள். அவற்றின் மேல் எனக்குப் பகை இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அவை ஏணி மாதிரி. ஆனால் சுருக்கியது என்பதை உள்ளே எங்கோ ஒளித்து வைப்பார்கள். மதிப்புரை எழுதுகிறவர் படித்தது எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம் என்று ஒரு வரி போட்டால், தேடுகிறவன் 120 பக்கத்தில் ஒன்றைப் பார்த்ததும் சுதாரித்துக்கொள்வான்.

"அதான் ஐ.எஸ்.பி.என். எண் போடுகிறோமே" என்பீர்கள். புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகக் கொடுக்கிற அடையாள எண் அது. போடுவது நல்லதுதான். 2007 ஜனவரியிலிருந்து அது 13 இலக்கம், அதற்கு முன் 10. 1970க்கு முந்தைய புத்தகங்களில் பெரும்பாலும் அது இருக்காது. கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு ஓர் எண், புதுப் பதிப்புக்கு வேறு எண். மதிப்புரையில் போட்ட எண்ணை மட்டும் வைத்துத் தேடினால், அதே நாவல் வேறு அட்டையோடு பக்கத்து அடுக்கிலேயே இருந்தாலும் "இல்லை" என்ற பதில்தான் வரும். ஆசிரியர் பெயரும் மூலத் தலைப்பும் இருந்தால்தான் எந்தப் பதிப்பையும் பிடிக்க முடியும். மொழிபெயர்ப்புக்கு மதிப்புரை எழுதும்போது மூலத் தலைப்பைப் போடாமல் விடுவது, விலாசம் எழுதாமல் கடிதம் போடுகிற மாதிரி.

பிள்ளைகள் விலாசம் சொல்கிற விதமே வேறு. "மிஸ், நீல அட்டை, ஒரு தீவு, நாய் இல்ல ஆடு, கடைசில அண்ணன் வருவான்" என்று வந்து நின்றான் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. நீல அட்டையாக இருந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். 11 நாள் ஆயிற்று. கடைசியில் கிடைத்தபோது அட்டை பச்சை. இடையில் பதிப்பை மாற்றியிருக்கிறார்கள். ஆட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அதனால் சொல்கிறேன், மதிப்புரையில் இந்த மாதிரி ஆடு ஒன்று இருக்க வேண்டும். கதையை உடைக்காத, ஆனால் மறக்காத ஒரு சின்ன விஷயம். 'நட்பின் மேன்மையைச் சொல்லும் நாவல்' என்று எழுதினால் எதை வைத்துத் தேடுவது?

இன்னொரு மனக்குறையும் இருக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிற நாவல் என்றாலே உங்கள் மதிப்புரையாளர்களுக்கு ஒரு இளப்பம். 'வெறும் பொழுதுபோக்கு' என்று ஒரு தள்ளு தள்ளிவிடுவார்கள். 1997இல் அந்த முதல் ஹாரி பாட்டர் நாவலைக் கெட்டி அட்டையில் முதலில் அச்சடித்தது 500 பிரதி. அதில் 300 நூலகங்களுக்குப் போயின. மூன்றே வருடத்தில், 2000 ஜூலையில், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விற்பனைப் பட்டியலில் சிறுவர் நூல்களுக்கென்று தனிப் பட்டியல் தொடங்க வேண்டியதாயிற்று. பெரியவர்களின் நாவல்களுக்கு மேல்வரிசையில் இடமில்லாமல் போனதுதான் காரணம். பிடித்தது ஏன் என்று ஆராய வேண்டியவர்கள் பிடித்ததையே குற்றமாக எழுதினால் எப்படி? தைத்த நூல் விட்டுப்போய், முதுகில் மூன்று தரம் ஒட்டுத்தாள் போட்ட புத்தகம்தான் நூலகத்தில் நல்ல புத்தகம். அதை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தால் தானாக ஒரு பக்கத்தில் திறந்துகொள்ளும். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படித்த பக்கம் அது. நான் பார்த்த மதிப்புரைகளில் அந்தப் பக்கத்தைத் தொட்டவை மிகக் குறைவு.

எல்லாப் பிரபல நாவலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. நாலாம் பாகத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றி நீட்டுகிற தொடர்கள் ஏராளம். அதையும் எழுதுங்கள். "மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று ஒரு மதிப்புரையாவது சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

என் கோரிக்கை ஒன்றுதான். இளையோர் நாவலைப் பற்றி எழுதக் கொடுக்கும்போது, படிக்கப்போகிற வயதில் இருக்கும் ஒருவரையும் படிக்க வைத்து, அவர் சொல்வதையும் போடுங்கள். இது ஒன்றும் புதுமை இல்லை. டோல்கீனின் 'த ஹாபிட்' கையெழுத்துப் பிரதி 1936இல் ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளரிடம் வந்தபோது, அவர் அதைப் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். பையனுக்குக் கூலி ஒரு ஷில்லிங். அவன் எழுதிக் கொடுத்தது ஒரு சின்னப் பத்தி. கதை இன்னது, வரைபடங்கள் இருப்பதால் படங்கள் தேவையில்லை, நன்றாக இருக்கிறது, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிடிக்கும். அவ்வளவுதான். எழுதியவனுக்கு வயது பத்து என்பதைக் கவனியுங்கள். தனக்குப் பிடித்ததைத் தன்னைவிடச் சின்னவர்களுக்கானது என்று தள்ளிவிடுகிற பெரிய மனுஷத்தனம்! இருந்தாலும் வயது, வரைபடம், பிடித்ததா இல்லையா எல்லாம் அதில் இருக்கிறது. மறு வருடம் செப்டம்பரில் புத்தகம் வந்தது. அந்தப் பையன் வளர்ந்து அதே பதிப்பகத்தில் சேர்ந்து, டோல்கீனின் அடுத்த பெரிய நாவல் வெளிவரவும் காரணமாக இருந்தார்.

ஏழு பத்தியில் ஒரு பத்தியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் போதும். விருதுப் பட்டியல் போகிற இடத்தில் போடலாம், யாரும் தேட மாட்டார்கள்.

முதல் பாகம் போன வாரம்தான் கிடைத்தது. ஒரு பழைய புத்தகக் கடையில், அடியிலிருந்து மூன்றாவது கட்டில், யாரோ பிறந்தநாள் வாழ்த்து எழுதி அடித்த பிரதி. பேத்தி இரண்டே நாளில் முடித்துவிட்டு, முன்பு மூடிவைத்த இரண்டாம் பாகத்தையும் இப்போது முடித்துவிட்டாள். அதைப் பற்றி எழுதித் தா என்றேன். அவள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை:

"இது ரெண்டாவது புக். முதல் புக் படிக்காம இதைப் படிக்காதீங்க, நான் அப்படித்தான் மாட்டினேன். 10 வயசுக்கு மேல ஓகே. நடுவுல சண்டை ரொம்ப நீளம், நான் தாண்டிட்டேன், ஒண்ணும் ஆகல. கழுதைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாமலே முடிச்சுட்டாங்க. மூணாவது புக் யார்கிட்டயாவது இருக்கா?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி நூலகர் ஒருவர்