செயலாளர் ஆண்டறிக்கை: மூங்கில் விதையும் நாற்றங்காலும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கத்தின் வேலைகளில் பெரும்பகுதியை மூங்கிலே எடுத்துக்கொண்டது. ஓடைக்கரைப் பட்டா நிலங்களில் இருந்த முள் மூங்கில் தூர்கள் ஒட்டுமொத்தமாகப் பூத்தன. பூத்த தூர் விதை உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிடும். இவ்வகை மறுபடி பூக்க 40 ஆண்டுக்கு மேல் ஆகலாம் என்பதால், விதை சேர்த்து நாற்று வளர்க்க நம்மில் பலருக்கு இது கடைசி வாய்ப்பு.

விதை எதற்கு, பக்கத்து ஊரிலிருந்து கிழங்கோடு கட்டை வெட்டி வந்து நட்டால் போதாதா என்று செயற்குழுவில் கேட்டார்கள். கட்டைக்குத் தாய்த்தூரின் வயதே வயது. தாய் பூக்கும் சமயத்தில், நட்டு இரண்டு மூன்று ஆண்டே ஆன கன்றும் பூத்து மடிந்துபோகலாம். விதைக்கன்றுக்கு முழு ஆயுள் உண்டு. குணத்திலும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இந்த விளக்கத்துக்குப் பிறகு எதிர்ப்பு அடங்கியது.

மூங்கில் அரிசிக்கு நல்ல விலை இருப்பதால் விதையைக் குத்தி விற்கலாம் என்ற யோசனையும் வந்தது. நாற்றுக்குப் போக மிஞ்சியதைத்தான் விற்பது என முடிவானது. என்னைக் கேட்டால், இந்த ஆண்டு நாம் எடுத்த முடிவுகளில் இதுவே உருப்படியானது.

தூரடியைப் பெருக்கித் தார்ப்பாய் விரித்து விதை சேர்த்தோம். எலிக்கு முந்தினால்தான் நமக்கு. காப்புக்காட்டிலிருந்து ஒரு மணிகூட எடுக்கவில்லை. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். முறத்தில் புடைத்துப் பதரை நீக்கும் வேலையை மகளிர் குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கிலோவில் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 விதை வரை இருக்கும் என்பதால் கொஞ்சமே போதுமானதாக இருந்தது.

மூங்கில் விதை காத்திருக்காது. சாதாரணமாக மூட்டை கட்டி வைத்தால் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் சரிந்துவிடும். நன்றாக உலர்த்திக் காற்றுப்புகாமல் குளிர்ச்சியில் வைத்தால் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். நமக்கு அந்த வசதி இல்லை, ஆகவே உடனே விதைத்தோம். இரவு முழுக்க ஊறவைத்து, மணல் கலந்த மேட்டுப்பாத்தியில் மேலாகத் தூவி, மெல்லிய மண் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளித்தோம். ஒரு வாரத்தில் முளை தெரிந்தது. பிந்தியவை மூன்று வாரம் வரை வந்துகொண்டிருந்தன. நிழல்வலை கட்டாயம் தேவைப்பட்டது. தண்ணீர் தேங்கிய மூலையில் நாற்று அழுகியது, வடிகால் வெட்டியதும் நின்றது. சில நாற்றுகள் வெள்ளை வெளேரென்று முளைத்தன. பச்சையம் இல்லாத அவை விதையிலுள்ள சத்து தீர்ந்ததும் தாமாகவே செத்துவிடும். பார்த்துப் பயந்து போன் செய்த உறுப்பினர்கள் கவனிக்க.

மூன்று நான்கு இலை விட்டதும் செம்மண், மணல், தொழுஉரம் கலந்த பைகளுக்கு மாற்றினோம். இனி செய்ய வேண்டியது நாற்றுப் பிரிப்பு. பையில் நான்கைந்து தண்டு தூர் கட்டியதும், ஒவ்வொரு தண்டிலும் வேரும் சிறிது கிழங்கும் ஒட்டியிருக்கும்படி பிரித்துத் தனித்தனியே நட்டால் ஒரு கன்று பல கன்றாகும். விதை தீர்ந்த பிறகும் கன்று தீராமல் இருக்க இதுவே வழி.

கன்று வழங்க விண்ணப்பங்கள் வந்துள்ளன. மழை பிடித்த பிறகே தருவோம். யானை வழித்தடத்தை ஒட்டி நிலம் உள்ளவர்களுக்குத் தர வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து. மூங்கில் யானைக்குப் பிடித்த தீனி. வெட்ட அனுமதி வாங்கி அலைய வேண்டுமே என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை: காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில், 2017ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு இந்திய வனச் சட்டத்தில் மரக் கணக்கில் வராது.

மற்றபடி வழக்கமான கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நாற்றங்காலுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உடனடித் தேவை. அதற்கான தீர்மானத்தையும் இவ்வறிக்கையையும் ஏற்றுத்தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்