ஹெட்ஸ்டாக்கைப் பிரிப்பதற்கு முன்

அல்சூர், பெங்களூரு

அன்பு மகளுக்கு,

செம்பூர் வீட்டின் கீழ்த்தளத்தில் நீ வைத்திருக்கும் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்), கம்பியைப் பிடிக்கும் சக்குப் பக்கத்தைவிட நுனிப் பக்கம் 0.06 மி.மீ. தடிப்பாகக் கடைகிறது என்றும், பார்க்க வந்த மெக்கானிக் சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கைப் பிரித்து பேரிங் மாற்றச் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். இப்போதைக்கு எதையும் பிரிக்காதே. லேத்தின் அடித்தண்டவாளமான பெட்டோடு நேர்படுத்தி இறுக்கிய ஹெட்ஸ்டாக்கைத் தளர்த்திவிட்டால், மறுபடி அந்த நேருக்குக் கொண்டுவர நேர் பார்க்கும் டெஸ்ட் பாரும் டயல் அளவியும் நிறையப் பொறுமையும் வேண்டும். பேரிங் தேய்ந்திருந்தால், சக்கு மாட்டிய சுழல் அச்சான ஸ்பிண்டில் அளவுக்கு மீறிச் சூடேறும், கரகரக்கும், கடைந்த பரப்பில் வரி வரியாக அதிர்வுத் தடம் விழும். இவற்றில் ஒன்றையும் நீ எழுதவில்லை.

முதலில், அந்த வேலையை எப்படிப் பிடித்துக் கடைந்தாய்? மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கின் கூர்முனையான சென்டரை முட்டுக்கொடுத்திருந்தால், டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் விலகியிருப்பதே காரணமாக இருக்கலாம். அதன் அடிப்பகுதியில் உள்ள திருகுகளைக் கொண்டே அதை நகர்த்திவிடலாம். சென்டர் இல்லாமல் மெல்லிய கம்பியைக் கடைந்திருந்தால், டூலின் அழுத்தத்துக்குக் கம்பியே வளைந்து விலகி நுனியில் தடித்துத்தான் நிற்கும். அதற்கு லேத்தைக் குறை சொல்ல முடியாது. ஆகவே 30 மி.மீ. விட்டமுள்ள மைல்ட் ஸ்டீல் கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, நடுப்பகுதியைக் கடைந்து தாழ்த்திவிட்டு, இரு முனைகளிலும் விரல் அகலத்துக்கு மேடு விட்டு வை. நன்றாகத் தீட்டிய டூலால், டூலை உள்ளும் வெளியும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு மேடுகளையும் ஒரே ஓட்டத்தில் மெல்லச் சீவி, மைக்ரோமீட்டரில் அளந்து பார்.

அப்போதும் நுனி மேடு தடித்திருந்தால், பெட் முறுகியிருக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். வார்ப்பிரும்பு என்பதால் அது வளையாது என்று எண்ணிவிடக் கூடாது. கால் சமமில்லாத மேசையில் போல்ட்டை இறுக்கினால் சிறிய லேத்தின் பெட், கால் கோணிய கட்டிலைப் போலக் கோணிக்கொள்ளும், நம் வேலையைக் கெடுக்க மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே போதும். எச்.எம்.டி. தொழிற்சாலையின் கனத்த லேத்துகளையே லெவல் பார்க்காமல் நாங்கள் ஓட்டியதில்லை. உன்னுடையது மரப்பலகை மேசையில் நிற்கிறது. மும்பை மழையில் பலகை ஈரம் குடித்து உப்பும்போது பெட்டையும் சேர்த்துத் திருகும். வெயில் காலத்தில் சரியாக இருந்தது ஜூலையில் கெட்டது என்றால், நான் பேரிங்கைவிட்டு அந்தப் பலகையைத்தான் பார்ப்பேன். வசதிப்படும்போது சேனல் இரும்பில் ஒரு ஸ்டாண்டு வெல்டிங் செய்துகொள்.

இப்போது செய்ய வேண்டியது இது. டெயில்ஸ்டாக் முனையில் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, உன் பக்கம் இருக்கும் காலுக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து, மறுபடி இறுக்கு. அந்தக் கால் உயர்ந்தால், டூலைத் தாங்கி பெட்டின் மேல் ஓடும் சேடில் பின்புறம் சாயும், டூல் கம்பியின் மையத்தை நெருங்கும், நுனி விட்டம் குறையும். சோதனைக் கம்பியிலும் நீ சொன்ன அதே 0.06 வந்தது என்று வைத்துக்கொள். அது விட்டத்தின் வேறுபாடு. டூல் விலகியது அதில் பாதி. அதுவும் 150 மி.மீ. நீளத்துக்குள் வந்த விலகல் என்பதால், இரு முனைக் கால்களுக்கும் இடையே 450 மி.மீ. இருந்தால் மும்மடங்காகி 0.09 மி.மீ. ஆகும். எனவே 0.1 மி.மீ. ஷிம்மில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மேடுகளைப் புதிதாகச் சீவி அள. நல்ல ஸ்பிரிட் லெவல் இருந்தால் வேலை விரைவாகும், ஆனால் கடைசித் தீர்ப்பை அந்த இரண்டு மேடுகளுக்கே விட்டுவிடு.

சேடிலின் ஆட்டத்தைக் குறைக்கும் ஜிப் பட்டையை இறுக்கும்போது ஒன்றைக் கவனி. பழைய லேத்தில் சக்குக்கு அருகில்தான் பெட் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே சரியாக இறுக்கினால், தேயாத மறுமுனையில் சேடில் சிக்கிக்கொள்ளும். எனவே மறுமுனைவரை ஓட்டிப் பார்த்தே லாக் நட்டை இறுக்கு. கிராஸ் ஸ்லைடின் பேக்லாஷுக்காக (கைப்பிடியைத் திசை மாற்றும்போது வரும் வெற்று ஆட்டம்) இப்போது கவலைப்படாதே. எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால் போதும்.

பெட்டுக்குக் கிரீஸ் பூசாதே, இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொண்டு சேடிலுக்கு அடியில் தேய்க்கும். 68 கிரேடு ஸ்லைடுவே ஆயிலே போதும். எமரி தாள் பிடிக்கும்போது பெட்டை மூடிவை. துப்பட்டாவோடும் கையுறையோடும் லேத் அருகே போகாதே என்பதை நீ சலித்துக்கொண்டாலும் எழுதத்தான் செய்வேன்.

நாக்தேவி தெருவில் 0.05, 0.10 மி.மீ. ஷிம் தகடுகள் கேட்டு வாங்கு. மேடுகளின் அளவையும், கால்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் எழுதி அனுப்பு. எவ்வளவு வைக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன். மெக்கானிக்கிடம் அதுவரை பொறுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா