தண்ணீர் வடிந்ததும் மெயினைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் செம்மண்டலத்தில் வயரிங் வேலை செய்கிறேன். மழைக்காலம் நெருங்கினால் தூர்வாருவது, மணல் மூட்டை, படகு என்று பத்திரிகைகளில் செய்தி வருகிறது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் என்ன செய்வது என்பது மட்டும் வருவதில்லை. எங்களைக் கூப்பிடுவதே அப்போதுதான்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கியபோது, ஆற்றோர வீடுகளில் பிளக் பாயின்ட் வரை மூழ்கியது. தரையைக் கழுவித் துடைத்த கையோடு மெயினைப் போட்டவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் பாயின்டைக் கழற்றினேன். முகப்பு பளிச்சென்று இருந்தது. உள்ளே பெட்டி நிறைய வண்டல், பித்தளையில் பச்சைக் களிம்பு, ஒரு ஓரம் பிளாஸ்டிக் கருகி இளகியிருந்தது. ஈர வண்டல் வழியே மின்சாரம் கசியக் கசிய அந்த இடம் சூடேறும். வெள்ளம் போன வீட்டில் தீ பிடிப்பது இப்படித்தான்.

மின்கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருந்தால், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். ஆனால், “அண்ணே, சும்மா சும்மா டிரிப் ஆகுது, அதை எடுத்துட்டு நேரா குடுத்துடுங்க” என்று கேட்கிறார்கள். நேராகக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், என் தொழில்காரர்களைத்தான் சொல்கிறேன். அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கத்தானே நாங்கள் வருகிறோம்? அப்புறம், மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் ஓடினால் லைனில் கரண்ட் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவருக்கு இது ஞாபகம் வராது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

சுவர் என் வேலை இல்லை. இருந்தாலும் கண்ணில் படுகிறது. மார்கழியில் தண்ணீர் வடியும், பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தாக வேண்டும்! ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் சித்திரைக்குள் செதில் செதிலாக உரிந்து, உள்ளே கறுப்பாகப் பூஞ்சை நிற்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். நனைந்த பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட வேண்டாம், போனது போகட்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும்போது கூடவே ஆசிட் ஊற்றுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

வெள்ளத்துக்குப் பிறகு மருத்துவ முகாம் நடத்துகிறோம். அதுபோல உரிமம் பெற்ற வயர்மேன்களை, வயரிங்கில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் கருவியோடு தெருத் தெருவாக அனுப்பி, சோதித்த பிறகே வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்க மாநகராட்சியும் மின்வாரியமும் ஏற்பாடு செய்ய வேண்டும். தாழ்வான பகுதியில் புது வீடு கட்டுகிறவர்கள் பிளக் பாயின்டை நாலடி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னால் வயர் தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து இன்னும் ஒரு அடியில்தான் வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
செம்மண்டலம், கடலூர்.