அந்த ஒரு பாட்டை எடுத்துவிடாதே, கண்ணு

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள கண்ணு,

ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. எட்டு நீயே எழுதி மெட்டுப் போட்டது, ஒன்பதாவது பழைய சினிமாப் பாட்டு. எல்லாரும் கேட்பது அந்த ஒன்பதாவதைத்தான் என்பதால் அதை எல்லாத் தளத்திலிருந்தும் எடுத்துவிடப் போவதாக எழுதியிருந்தாய். எடுக்காதே. அதை எடுத்தால் மற்ற எட்டுக்கும் ஆள் வரப்போவதில்லை. உன் குரலைக் கண்டுபிடித்தவர்கள் திரும்பி வரும் வழிதான் அடைபடும்.

உன் வருத்தம் நியாயமானதுதான். சேர்வராயன் மலை ஊர்களில் பாட்டிமார் பக்கத்தில் உட்கார்ந்து சந்தத்தைக் காதில் வாங்கி, சொந்தமாகச் சொல் தேடிக் கட்டிய பாட்டுகள் அவை. மூடுபனிப் பாட்டின் இரண்டாம் சரணம் போல எழுத எல்லாருக்கும் வராது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இது உனக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜூடி காலின்ஸ் 1967-இல் 'வைல்ட்ஃப்ளவர்ஸ்' ஆல்பத்தில் முதல்முறையாகத் தானே எழுதிய பாட்டு மூன்றைச் சேர்த்தார். ஜனங்கள் பிடித்துக்கொண்டதோ அதே ஆல்பத்தில் இருந்த, ஜோனி மிட்செல் எழுதிய 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை. 1968-இல் அது தனித்தட்டாக வந்து அமெரிக்கப் பட்டியலில் 8-ஆம் இடம் வரை ஏறியது. ஆனால் அது இசைத்தட்டுக் காலம். ஒரு பாட்டுக்காக ஆல்பத்தை வாங்கினாலும் முள் அடுத்த பாட்டுக்குத் தானாகப் போகும். கேசட்டிலும் அப்படித்தான், ஓட்டித் தள்ளச் சோம்பல்பட்டே மீதிப் பாட்டு காதில் விழும். இன்று ஒரு பாட்டு முடிந்ததும் தளம் வேறு யாருடைய பாட்டையாவது போட்டுவிடுகிறது. முள் செய்த வேலையை நீதான் கையால் செய்ய வேண்டும்.

முதலில், எட்டையும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளாதே. இரண்டைத் தேர்ந்தெடு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான பங்குப் பணம் (ராயல்டி) கிடையாது. எட்டுக்கும் பிரித்துத் தள்ளினால் எட்டுமே கோட்டுக்குக் கீழே நின்றுவிடலாம். இரண்டைத் தேர்ந்தெடுக்கும்போது உனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று பார்க்காதே, அந்தச் சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடியது எது என்று பார். அது 5 கட்டைச் சுருதி, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை, நிமிடத்துக்கு 84 தட்டு. உன் தாலாட்டும் 5 கட்டை, திஸ்ரம், 80 தட்டு. காதுக்கு ஒரே வீட்டின் அடுத்த அறை போல இருக்கும். மூடுபனிப் பாட்டு இரண்டாவது. கும்மிப் பாட்டு நல்ல பாட்டுதான், ஆனால் அந்த வேகத்துக்குச் சட்டென்று தாவினால் கேட்பவர் விலகிவிடுவார்.

யூட்யூபில் சினிமாப் பாட்டின் கடைசி 20 நொடிக்கு எண்ட் ஸ்கிரீன், அதாவது அடுத்துப் பார்க்க வேண்டியதைத் தொடும்படி காட்டும் படம், வைக்கலாம். அதில் தாலாட்டை மட்டும் வை. நான்கு படம் காட்டினால் எதையும் தொடமாட்டார்கள். அந்த 20 நொடியில் பாடாதே, சுருதி மட்டும் ஓடட்டும். வீடியோவுக்குக் கீழே உள்ள குறிப்பிலும் முதல் வரியிலேயே தாலாட்டின் இணைப்பு வர வேண்டும், நன்றிப் பட்டியலெல்லாம் அதற்குக் கீழே.

தாலாட்டில் ஒரு குறை இருக்கிறது. குரல் வருவதற்குள் 42 நொடி புல்லாங்குழல் ஓடுகிறது. ஸ்பாட்டிஃபை 30 நொடி கேட்டால்தான் ஒரு கேட்பு என்று எண்ணும். உன் பெயரே தெரியாத ஒருவர் அதற்குள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். ஆல்பத்தில் இருப்பதைத் தொடாதே, அது அழகாக இருக்கிறது. 12-ஆவது நொடியில் குரல் நுழையும்படி ஒரு சின்ன வடிவம் தனியாக வெளியிடு. அது வேறு ஒலிப்பதிவு, அதனால் புது ஐஎஸ்ஆர்சி எண், அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரும் தனி அடையாள எண், வாங்க வேண்டும். ஆல்பத்தில் உள்ளதை அப்படியே எடுத்துத் தனிப்பாட்டாகப் போடும்போது மட்டும் பழைய எண்ணையே கொடு. எண்ணை மாற்றினால் கேட்புக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

பெயரையும் கவனி. 'மழை' என்று மட்டும் வைத்தால் ஆயிரம் மழைப் பாட்டுக்கு நடுவில் உன்னுடையதைத் தேடி எடுக்க முடியாது. முதல் வரியையே தலைப்பாக வை. ஜனங்கள் பாட்டைத் தேடுவதும் முதல் வரியை வைத்துத்தானே.

இனி பணம். சினிமாப் பாட்டின் சொல்லும் மெட்டும் உன்னுடையவை இல்லை. அதனால்தான் எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் விளம்பரப் பணம் உரிமைக்காரர் பக்கம் போகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு கவர் பாட்டுக்கு, அதாவது பிறர் பாட்டைத் திரும்பப் பாடிப் பதிவதற்கு, இடம் தருகிறது, ஆனால் அது பெரிய கம்பெனிகளுக்குத்தான் ஒத்துவரும். முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்னதாகவே கட்ட வேண்டும், சொல்லையோ மெட்டையோ மாற்றக் கூடாது. நீ சரணத்தில் ஒரு வார்த்தையை மாற்றிப் பாடியிருக்கிறாய். ஆகவே உரிமைக்காரரிடம் நேரடியாக எழுத்தில் அனுமதி வாங்கு, மாற்றிய வார்த்தையையும் அதில் குறிப்பிடு. இதை ஒத்திப்போடாதே.

உன் எட்டுப் பாட்டையும் ஐபிஆர்எஸ்ஸில், அதாவது பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டுப் போடுபவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கத்தில், பதிவு செய். சொல்லுக்கு ஒரு பங்கு, மெட்டுக்கு ஒரு பங்கு, இரண்டிலும் உன் பெயர் வர வேண்டும். கிட்டார் வாசிக்கும் தம்பி இரண்டு பாட்டின் மெட்டில் கை வைத்திருக்கிறான் என்றால் அவன் பங்கு எவ்வளவு என்பதைப் பதிவுக்கு முன்பே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் சினேகிதம் கெடும். தாலாட்டின் பல்லவி மலையில் பாட்டி பாடிக் கொடுத்தது. அதை உன் எழுத்து என்று பதியாதே. 'மரபுப் பாடல்' என்று போட்டு, அவர் சம்மதித்தால் பாடிக் கொடுத்தவர் என்று அவர் பெயரையும் போடு. கவர் பாட்டால் உன் பெயர் மறைவது உனக்கு எப்படி வலிக்கிறதோ, அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் 40 நிமிடம் தந்திருக்கிறார்கள் அல்லவா? சினிமாப் பாட்டைக் கடைசியில் வைக்காதே. அதற்காகக் காத்திருப்பவர்கள் உன் பாட்டு ஓடும்போதெல்லாம் கைபேசியைத்தான் பார்ப்பார்கள். முதலிலும் வேண்டாம், பிறகு முழுக்கச் சினிமாப் பாட்டே கேட்பார்கள். நான்காவதாகப் பாடு. முடிந்ததும் கைதட்டலுக்கு நிற்காதே. சுருதி அறுபடாமல் நான்கு தாளச் சுற்று பறை மட்டும் மெல்ல ஓட, அதன் மேலேயே தாலாட்டைத் தொடங்கு.

அடிவாரத்தில் சுருதி சேர்த்த வாத்தியம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் அப்படியே இருக்காது. குளிரில் கிட்டாரின் எஃகுத் தந்தி இறுகிச் சுருதி ஏறும். ஈரத்தில் பறையின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே போவதால்தான் மேடையில் எதுவோ சேரவில்லை என்று தோன்றும். அரை மணி முன்னதாகவே உறையிலிருந்து கிட்டாரை எடுத்து வெளியே வை, பிறகு சுருதி சேர். பறையை மேடையேறும் முன் காய்ச்ச வேண்டும், மாலை மூடுபனியில் அந்தச் சூடு கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதனால் இரண்டு பறை எடுத்துப் போ. ஒன்று அடிபடும்போது மற்றது நெருப்பருகில் இருக்கட்டும். தீயை மேடைக்குப் பின்னால் எங்கே மூட்டலாம் என்று விழாக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடு.

பறை காய்ச்ச மலையில் காய்ந்த வைக்கோல் கிடைக்காது. இங்கிருந்தே இரண்டு கட்டு சாக்கில் போட்டு வைக்கிறேன், போகும்போது வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா